எண்பத்தேழாம் நாள்

சென்ற வாரம் பெரியவளை லிஃப்டுக்குள் ஏற்றிவிட்டுக் கதையை நிறுத்திக்கொண்டோம். அவள் கையில் அன்றைய பட்டியல். பட்டியலின் நாற்பத்தோராவது வரியில் அவளுடைய தம்பியின் கம்பெனி.

லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றது. வழக்கம்போல் அரை அடி தாழ்வாக நின்றது. காலை உயர்த்தி வைத்து வெளியே வந்தாள்.

வங்கியின் மண்டல அலுவலகத்தில் அவள் இருப்பது வாராக்கடன் பிரிவு. தவணை கட்டாமல் எண்பது நாள் தாண்டிய கணக்குகளின் பட்டியல் தினமும் காலையில் அவள் மேசைக்கு வரும். தொண்ணூறு நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்புறம் நோட்டீஸ், ஜப்தி, ஏலம். தம்பிக்கு இன்று எண்பத்தேழாம் நாள்.

தம்பி அட்டைப்பெட்டி செய்கிறவன். முப்பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவன் பெயர் சின்னவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் மெஷின் வாங்க இருபத்தைந்து லட்சம் கேட்டுக் கிளைக்குப் போனான். கணக்காண்டு முடிய ஒன்பது நாள் பாக்கி. மேனேஜருக்கு இலக்கு எட்டவில்லை. "சின்ன மெஷினை வச்சிக்கிட்டு என்னப்பா பண்ணப் போறே? பெரிசா வாங்கு" என்று நாற்பது லட்சம் கொடுத்து அனுப்பினார். அதற்கு அடமானம், பெரியவளின் கணவர் பெயரில் இருக்கும் வீடு. அந்த மேனேஜர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். கடன் மட்டும் இங்கேயே இருக்கிறது.

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் ஐந்தே ஐந்து பதில்தான் தேர்ந்தெடுக்கலாம். வேண்டுமென்றே கட்டாதது. நிர்வாகத் திறமைக் குறைவு. பணத்தை வேறு செலவுக்குத் திருப்பியது. இயற்கைச் சேதம். இதர.

சின்னவன் பெயருக்கு எதிரே கிளையில் ஏற்கெனவே போட்டிருந்தார்கள்: நிர்வாகத் திறமைக் குறைவு.

"நிர்வாகத் திறமை!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் திறந்து ராத்திரி வரைக்கும் மெஷினோடு மல்லுக்கு நிற்கிறவன். செய்த பெட்டியில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வாங்கிக்கொண்ட சோப்புக் கம்பெனி ஏழு மாதமாகப் பணம் தரவில்லை. அதைச் சொல்ல அந்த ஐந்து பதிலில் இடம் கிடையாது.

வேகமாகப் பட்டியலை மேலிருந்து கீழே இறக்கினாள். பாட்டில் மூடி செய்கிறவர். லேபிள் அச்சடிக்கிறவர். மூன்று லாரி வைத்திருக்கிறவர். எல்லோரையும் சின்னவன் வாயால் கேள்விப்பட்டிருக்கிறாள். எல்லோரும் அதே சோப்புக் கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்கிறவர்கள். பென்சிலால் ஒவ்வொன்றாகச் சுழித்துக்கொண்டே வந்தாள். பதினொன்று.

எண்ணி முடித்ததும் இன்டர்காம் அடித்தது. பொது மேலாளர்.

"மேடம், லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வாங்க. அவசரம். ஒரு நோட் அடிக்கணும்."

*

பொது மேலாளரின் அறையில் ஏசி குளிரில் பல் கிட்டித்தது. எதிரே டை கட்டிய ஒருவர் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் இருந்த ஃபைலின் பெயரைப் பெரியவள் படித்தாள்.

சோப்புக் கம்பெனி. டை கட்டியவர் அதன் நிதி அதிகாரி.

"இவங்க கடனைச் சீரமைக்கிறோம்" என்றார் பொது மேலாளர். "ரெண்டு வருஷம் தவணை கிடையாது. மேற்கொண்டு முப்பது கோடி புதுசா. நாளைக்கு போர்டு மீட்டிங். நான் சொல்லச் சொல்ல அடிங்க."

அவள் அடித்தாள். முதல் நிபந்தனை, இரண்டாவது நிபந்தனை... ஆறாவதில் விரல் நின்றது.

பொது மேலாளர் சொன்னது இதுதான்: 'சரக்கு வழங்கியோருக்குத் தர வேண்டிய பழைய பாக்கிகள் இருபத்துநான்கு மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்படும். அதற்காகக் கொடுத்திருக்கும் காசோலைகளும் இதில் அடங்கும்.'

"சார், நிறுத்திவைக்கிறதுன்னா?"

"நிறுத்திவைக்கிறதுன்னா நிறுத்திவைக்கிறதுதான். கம்பெனி மூச்சு விட வேணாமா?"

"சப்ளையருங்க?"

"அவங்க சமாளிச்சுக்குவாங்க மேடம்" என்றார் டை கட்டியவர், பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டபடி. "இத்தனை மாசம் சமாளிச்சிருக்காங்களே."

"சமாளிக்கல சார்" என்றாள் பெரியவள். குரல் அவள் நினைத்ததைவிடச் சற்று உயர்ந்துவிட்டது. "இன்னைக்கு என் பட்டியல்ல அறுபத்திரண்டு கணக்கு. அதுல பதினொண்ணு இந்தக் கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்கிறவங்களோடது. இவங்க அவங்களுக்குத் தரல, அதனால அவங்க நமக்குத் தரல. இந்த ஒரு ஃபைலைப் பிழைக்கவைக்க நம்மகிட்டயே இருக்கிற பதினொரு ஃபைலைக் கொல்றோம்."

பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினொண்ணும் சேர்ந்து எவ்வளவு?"

"மூணு கோடிக்குள்ள."

"இவங்களோடது?"

"இருநூத்திப் பத்து."

"அப்புறம் என்ன? கணக்கு உங்களுக்கே தெரியுதே. இருநூத்திப் பத்து வாராக்கடனாச்சுன்னா என் தலை உருளும். மூணு கோடி போனா ஒரு லெட்டர் எழுதிக் கேப்பாங்க, நாம ஒரு லெட்டர் எழுதிப் பதில் சொல்வோம்."

பெரியவள் லேப்டாப்பை அரையடி தள்ளிவைத்தாள்.

"சார், அந்தப் பதினொண்ணுல ஒருத்தர் என் தம்பி. அவன் கடனுக்கு அடமானம் வச்சிருக்கிறது நாங்க குடியிருக்கிற வீடு. இதை நான் சொல்லியாகணும். இந்த நோட்டை வேற யாராவது எழுதட்டும்."

டை கட்டியவர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"சொல்லிட்டீங்கல்ல, நல்லது" என்றார் பொது மேலாளர் சலிப்போடு. "ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, ஃபைல்ல சேத்துடறேன். ஆனா நோட்டை முடிச்சுட்டுப் போங்க. வேற யாரு இருக்கா? உங்க பிரிவுல இருந்த ரெண்டு பேரையும் வசூலுக்கு அனுப்பிட்டேன். முடிவெடுக்கிறது நான், நீங்க அடிக்கத்தான் போறீங்க."

"சார்..."

"இன்னொண்ணு. இந்த அறையில பேசினது இந்த அறையோட. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

தேவையில்லை. வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பேன் என்று பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவள் ஆறாவது நிபந்தனையை எழுத்துப் பிசகாமல் அடித்து முடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் தன் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்ப்பது போலிருந்தது.

வெளியே வரும்போது டை கட்டியவர் கேட்டார். "தம்பி எந்த யூனிட் மேடம்?"

"பெட்டி."

"ஓ! நல்ல பெட்டி" என்றார் அவர்.

*

அதே நேரம் அந்த நல்ல பெட்டியைச் செய்கிறவன் சோப்புக் கம்பெனியின் வரவேற்பறை சோபாவில் மூன்றாவது மணி நேரமாக உட்கார்ந்திருந்தான்.

வருகிறவர்கள் எழுதும் பதிவேட்டில் இந்த மாதம் மட்டும் ஒன்பது இடத்தில் அவன் கையெழுத்து இருந்தது. 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் முதலில் 'பில் பாக்கி' என்று எழுதுவான். பிறகு 'பில்' என்று மட்டும். இன்று வெறுமனே ஒரு கோடு இழுத்திருந்தான்.

நடுவில் மனைவியிடமிருந்து ஃபோன்.

"என்னங்க, பேங்க்லேருந்து அந்தப் பொண்ணு மறுபடியும் கூப்பிட்டா."

"எந்தப் பொண்ணு?"

"பதிவு பண்ணின குரல்ல பேசுவாளே, அவதான். 'உங்கள் தவணை நிலுவையில் உள்ளது'ன்னா. 'எனக்கு வர வேண்டியது உள்ளதே, அதை எங்கே போய்ச் சொல்றது'ன்னு கேட்டேன். 'நன்றி'ன்னு சொல்லி வச்சிட்டா."

அவளுக்குக் குடும்பத்தில் பட்டாசு என்று பெயர். பதிவு செய்த குரலோடு சண்டை போடக்கூடிய ஒரே ஆள். பெட்டிப் பட்டறையின் கணக்கு, சம்பளம், மெஷினில் காகிதம் சிக்கினால் கைவிட்டு எடுப்பது எல்லாம் அவள்தான்.

"லாரி வந்து நிக்குது. ஏத்தவா வேணாமா?"

"செக்கு கைக்கு வந்ததும் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பெட்டிகூட ஏத்தாதே."

மதியம் மூன்று மணிக்கு மேல் கொள்முதல் அதிகாரி கூப்பிட்டார். சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தே சின்னவனுக்கு இரத்த அழுத்தம் வந்திருந்தது.

"உங்களுக்காகச் சண்டை போட்டு வாங்கியிருக்கேன். இந்தாங்க."

ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்துக்குச் செக். சின்னவன் இரண்டு கையாலும் வாங்கினான். அப்புறம்தான் தேதியைப் பார்த்தான்.

"சார், நாலு மாசம் தள்ளிப் போட்டிருக்கு?"

"அதனால என்ன? செக்கு செக்குதானே. இதைக் காட்டி பேங்க்ல டைம் கேளுங்க. ஆனா இன்னைக்கு லோடு ஏழு மணிக்குள்ள எங்க குடோன்ல இருக்கணும். ஆயிரத்து அறுநூறு பெட்டி. இல்லேன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும். என் கையில எதுவும் இல்ல பாருங்க."

உண்மையிலேயே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

சின்னவன் வெளியே வந்து வெயிலில் நின்றான். ஏழு மாதத்தில் முதல் முறையாகக் கையில் ஒரு காகிதம். அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். கீழே எழுதினான்: 'செக் வந்துடுச்சு. லோடு ஏத்தறோம். இனியாவது என்னை லிஸ்ட்லேருந்து எடு.'

*

அந்தப் படத்தைப் பெரியவள் திறந்தது சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான். தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான்கு மாதம். ஆறாவது நிபந்தனை இருபத்துநான்கு மாதம். நாளை போர்டு கையெழுத்துப் போட்டதும் இந்தச் செக் வெறும் காகிதம்.

அது தெரியாமல் இன்னும் ஆயிரத்து அறுநூறு பெட்டியை ஏற்றுகிறான் மடையன்.

ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. எடுத்தாலும் என்ன சொல்வது? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். இரண்டும் போகிற வாய்ப்பும் இருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். போகிற வழியில் ஐந்து சிக்னல். ஐந்திலும் சிவப்பு.

"கொஞ்சம் வேகமாப் போங்களேன்!"

"சிக்னலை நானா போட்டேன்?" என்றார் ஆட்டோக்காரர்.

பட்டறை வாசலில் லாரி பின்பக்கம் காட்டி நின்றுகொண்டிருந்தது. பாதிக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. கட்டுக் கட்டாக மடித்த பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சோப்புக் கம்பெனியின் சிரிக்கும் குழந்தை படம். சின்னவன் லாரிமேல் நின்று கட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இறங்குடா கீழே."

"வாக்கா! செக்கைப் பாத்தியா?"

"பாத்தேன். சரக்கை அனுப்பாதே."

"என்ன?"

"அனுப்பாதேன்னு சொல்றேன்."

சின்னவன் குதித்து இறங்கினான். "ஏன்?"



"காரணம் கேக்காதே."

"காரணம் கேக்காதேயா? ஏழு மாசமா நாய் மாதிரி அலைஞ்சு இன்னைக்குத்தான் ஒரு செக்கு வந்திருக்கு. ஏழு மணிக்குள்ள லோடு போகலேன்னா ஆர்டரே கிடையாது. நீ ஆட்டோவுல வந்து இறங்கி 'அனுப்பாதே, காரணம் கேக்காதே'ங்கறே. என்னை என்ன பைத்தியம்னு நெனச்சியா? பேங்க் ஆபீசராச் சொல்றியா?"

"பேங்க் ஆபீசருக்கு வாய் கிடையாதுடா. உன் அக்காவாச் சொல்றேன்."

"அக்காவா? நல்லாச் சொன்னே! இருபத்தஞ்சு போதும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'மேனேஜர் தானா கொடுக்கிறார், வாங்கிக்கோ, மறுபடி கிடைக்காது'ன்னது யாரு? அதுவும் அக்காவாத்தானே சொன்னே?"

சொன்னது அவள்தான். பெட்டி ஒட்டுகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். லாரி டிரைவர் ஹாரனை ஒரு தரம் தட்டினார்.

அதுவரை பேசாமல் நின்ற பட்டாசு முன்னால் வந்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். வங்கியிலிருந்து வரும்போது கலைந்திராத தலை இன்று கலைந்திருந்தது. கைப்பை திறந்தே கிடந்தது.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காரணம் வேணாம். இது உங்க சரக்கா இருந்தா அனுப்புவீங்களா?"

"மாட்டேன்."

பட்டாசு திரும்பினாள். "ஏத்தினதையெல்லாம் இறக்குங்க."

"ஏய்!" என்று கத்தினான் சின்னவன். "இறக்கி என்ன பண்ணுவே? இந்தக் குழந்தை படம் போட்ட பெட்டியை வேற எவன் வாங்குவான்? பழைய காகிதக் கடைக்குக் கிலோ கணக்குல போடவா?"

"போடறேன். அந்தக் காசாவது கைக்கு வரும்ல? இவங்களுக்கு அனுப்பினா அதுவும் வராது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணி மாட்டேன்னுட்டாங்க. அவங்க வீட்டுப் பத்திரமும் அங்கேதானே இருக்கு? தன் தலையிலேயே யாராவது கல்லைப் போட்டுப்பாங்களா?"

அரை மணியில் லாரி காலியானது. பட்டாசு தன் கைப்பையிலிருந்து டிரைவருக்கு வாடகையை எண்ணிக் கொடுத்தாள். பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதிவரை இழுத்துவிட்டாள். சின்னவன் ஒரு பெட்டிக் கட்டின்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என் தொழிலை முடிச்சிட்டீங்க. திருப்திதானே?"



*

ஏழு அடித்து ஐந்து நிமிடத்தில் அவன் ஃபோன் ஒலித்தது. கொள்முதல் அதிகாரி. வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டான், இரண்டு பேருக்கும் உறைக்கட்டும் என்று.

"என்ன தம்பி, லோடு வரலையே?"

"சார், ஒரு சின்னச் சிக்கல். நாளைக்கு..."

"நாளைக்கெல்லாம் கிடையாது. ஆமா, உங்க அக்கா அந்த பேங்க்லதானே இருக்காங்க? இன்னைக்குக் காலையில எங்க ஃபைனான்ஸ் சார்கூட மீட்டிங்ல இருந்தாங்களாமே. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? இருந்தா சொல்லுங்க, நமக்குள்ள என்ன?"

சின்னவன் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டிங். காலையில். அதனால்தான் ஆட்டோ. அதனால்தான் காரணம் கேட்காதே. நான்கு மாதம் தள்ளிப் போட்ட தேதி இப்போது அவனுக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எங்க அக்காவா? மூணு வருஷமா வட்டியில கால் பர்சன்ட் குறைச்சுக் கொடுன்னு கெஞ்சறேன் சார். அதுக்கே 'ரூல் இல்ல'ம்பா. அவளா என்கிட்ட வந்து சொல்லப் போறா? கூடப் பொறந்ததுதான் மிச்சம். லோடு வராததுக்குக் காரணம் என் பொண்டாட்டி. இந்தாங்க, அவகிட்டயே கேளுங்க."

பட்டாசு ஃபோனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"வணக்கம் சார். ஏழு பில்லு பாக்கி. செக்கு வேணாம், அக்கவுன்ட்ல பணமாப் போடுங்க. விழுந்த பத்தாவது நிமிஷம் லாரி கிளம்பும்."

"இப்படிப் பேசினா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும்மா."

"தாராளமாப் போகட்டும். அவருக்கும் இதே மாதிரி ஏழு மாசம் பாக்கி வைங்க."

வைத்துவிட்டாள். ஷட்டருக்கு அடியில் தெரு விளக்கின் வெளிச்சம் நீளமாக விழுந்திருந்தது. சின்னவன் செக்கை எடுத்து இன்னொரு முறை பார்த்தான்.

"எவ்வளவு நாளைக்குக்கா? இந்தப் பணம் வராதது?"

பெரியவள் திறந்து கிடந்த கைப்பையை மூடினாள்.

"சரி. சொல்லாதே" என்றான் அவன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அது திரும்பியிருந்த திசை மாறியிருந்தது. "இன்னும் மூணு நாள்தான் இருக்கு. நான் எதைக் கொண்டுபோய்க் கட்டறது?"

"நாளைக்குக் காலையில கிளை திறந்ததும் போய் நில்லு" என்றாள் பெரியவள். "ஏழு பில்லு, சரக்கு வாங்கிக்கிட்டதா அவங்க கையெழுத்துப் போட்ட சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கோ. 'கடனைச் சீரமைச்சுக் கொடுங்க, தவணையைத் தள்ளிப் போடுங்க'ன்னு மனு எழுதிக் கொடு. மூடிக்காரர், லேபிள்காரர், லாரிக்காரர் எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போ. பதினொரு பேரும் ஒரே நாள்ல மனு கொடுங்க. இது கோடிக்கணக்குல வாங்கினவங்களுக்கு மட்டும்தான்னு ரூல்ல எங்கேயும் எழுதலை."

"பதினொரு பேரா? நீ எப்ப எண்ணினே?"

"எண்ணறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

"மனுவுக்கு யாரு கையெழுத்துப் போடணும்?"

"நான் போடக் கூடாது. பொது மேலாளர்தான் போடணும்."

"அவர் எப்படி? நல்லவரா?"

பெரியவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அந்த மனிதர்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அவர் யாரையும் கூப்பிட்டதாக அந்த அலுவலகத்தில் சரித்திரமே இல்லை.

"எடுக்காதேக்கா" என்றான் சின்னவன். "தூங்கிட்டேன்னு நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"ஏழு மணிக்கா?"

எடுத்தாள்.

"மேடம்" என்றது எதிர்முனை. சுற்றி வளைக்கவில்லை. "பெட்டி லோடு போகலையாமே?"

தம்பி இரண்டு கையையும் வேகமாக ஆட்டினான். தெரியாது என்று சொல், தெரியாது என்று சொல்.

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமா சார், போகலை" என்றாள். "நானும் இப்ப தம்பி பட்டறையிலதான் இருக்கேன்."

சின்னவன் தலையில் அடித்துக்கொண்டான்.